மஞ்சில் ஊதிய செம்புக் கொம்பு

கேளுங்கள். மலையின் இடுப்பில் மேகம் குடியிருந்த காலத்தில், அந்த மேகத்துக்கும் மேலே கோட்டை கட்டி ஓர் அரசன் ஆண்டுவந்தான்.

அவனுடைய செம்புப் பட்டறையில் அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். பட்டறைக்கு உரிய கன்னான் வெண்காடன். அவன் தம்பி இளையாற்றான். துருத்தி ஊதும் சீராள். அவள் வெண்காடனின் மனைவி. சம்மட்டி பிடிக்கும் ஆட்கள் இருவர். ஆக ஐந்து பேர். ஒரு பூனையும் இருந்தது. அது கணக்கில் சேராது.

அந்த நாட்டில் மஞ்சு இறங்கினால், காட்டுக்குப் போனவனுக்குத் தன் கையே தெரியாது. கோட்டைக் கொம்பின் ஓசை வரும் திசையைப் பார்த்துத்தான் வீடு திரும்புவான். பழைய கொம்பு வெடித்துவிட்டது. புதிய கொம்பு செய்பவன் கையில் பொற்கடகம் பூட்டுவேன் என்று அரசன் சொல்லியிருந்தான்.

கொம்பு என்றால் ஒன்றோடொன்று பொருத்திய மூன்று கூம்புகள். செம்புத் தகட்டை விசிறிபோல் வெட்டி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, மரக்கூம்பின் மேல் சுருட்ட வேண்டும். இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொடும்வரை பட்டறையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சுருளும் தகடு, பக்கத்தில் கேட்கும் பேச்சையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும் என்று அவர்கள் நம்பினார்கள்.

முதல் கூம்பு மௌனத்தில் சுருண்டது. இரண்டாவதும் மௌனத்தில் சுருண்டது. மூன்றாவது பாதி சுருண்டபோது, விளிம்பு ஒரு நெல்லளவு கோணியிருப்பதை இளையாற்றான் விரலால் சுட்டிக்காட்டினான். வெண்காடனுக்குச் சுருக்கென்றது.

"போடா வெளியே! இனித் திரும்பி வராதே!"

அந்த நொடியில் விளிம்புகள் தொட்டுக்கொண்டன.

சீராளின் கை துருத்தியில் நின்றது. "பேசிவிட்டீர்களே! பிரித்துவிட்டு மறுபடி சுருட்டுங்கள்."

"நாளை அரசர் வருகிறார். பேச்சு செம்பில் ஒட்டுமா? ஒட்டுமென்றால் நீ பேசுகிற பேச்சுக்கு இந்த வீட்டு அண்டா எல்லாம் இந்நேரம் கதை சொல்லியிருக்கும்!"

சம்மட்டி ஆட்கள் சிரித்தார்கள். இளையாற்றான் துண்டை உதறித் தோளில் போட்டான். "அடுப்புக்குக் கரியாவது வேண்டும் அல்லவா, அண்ணா? அதற்காவது நான் ஆவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் விடியலில் சாத்தி, அவள் கணவன் பெருநற்கிள்ளான் முதலான கரி சுடுபவர்கள் எட்டுப் பேரோடு அவனும் காட்டில் இறங்கினான். மாலையில் மஞ்சு இறங்கியது.

அரசன் மதில்மேல் வந்து நின்றான். கீழே, வெண்மைக்குள் ஒன்பது பந்தங்கள் மங்கலாகத் தெரிந்தன. அவை கோட்டையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.

ஊதுபவன் புதிய கொம்பை முழக்கினான். ஒன்பது பந்தங்களும் அப்படியே நின்றன.

"ஏன் நிற்கிறார்கள்?" என்றான் அரசன்.

பக்கத்தில் வெண்காடனும் சீராளும் நின்றிருந்தார்கள். சீராள் அவனையே பார்த்தாள். "எதிர்க்காற்று, அரசே" என்றான் வெண்காடன்.

இரண்டாம் முறை முழங்கியது. ஒன்பது பந்தங்களும் திரும்பின.

"ஊதுபவனுக்கு மூச்சுப் போதவில்லை, அரசே."

"பழைய கொம்புக்குப் போதிய மூச்சு, உன் கொம்பைத் தொட்டதும் குறைந்துவிட்டதோ?" என்று முணுமுணுத்த ஊதுபவன், கன்னம் உப்ப மூன்றாம் முறை ஊதினான்.

பந்தங்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல, அவசரமில்லாமல், பள்ளத்தாக்கின் விளிம்பை நோக்கி நகர்ந்தன. முன்னால் போனது அணைந்தது. அதையடுத்துப் போனதும் அணைந்தது. கூச்சல் எதுவும் கேட்கவில்லை.

வெண்காடன் பாய்ந்து கொம்பைப் பிடுங்கினான். "அரசே, காற்றுமில்லை, மூச்சுமில்லை. என் வாய்தான்!" அரசன் கண்ணெதிரே உளியை வைத்து மூன்றாம் கூம்பின் மூட்டைப் பிளந்தான். செம்பு மெல்ல விரிந்தது. உள்ளேயிருந்து அவன் குரலே, நேற்றைய கோபம் ஆறாமல், அவன் முகத்துக்கு நேராகச் சொன்னது: "இனித் திரும்பி வராதே."

மதிலில் நின்ற வீரர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

வெண்காடன் அங்கேயே மண்டியிட்டான். உலையுமில்லை, மரக்கூம்புமில்லை. வெறுங்கையால் தகட்டைச் சுருட்டத் தொடங்கினான். அரசன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அரசனென்றும் பாராமல் சீராள் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். விளிம்பு அவன் உள்ளங்கையைக் கிழித்தது. அவன் முனகவில்லை. விளிம்புகள் தொட்டன. தொட்டதை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஊதுபவன் ஊதினான்.

கோணல் கூம்பின் ஓசை கரகரத்தது. ஆனால் அதில் சொல் எதுவும் இல்லை. பந்தங்கள் நின்றன, திரும்பின, ஏறின.

இளையாற்றான் கடைசியாக வாசலுக்குள் வந்தான். "உன் குரல்தான் அண்ணா விரட்டியது. கால் தானாகவே நடந்தது" என்றான். வெண்காடன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு தம்பியின் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தான். சாத்தியும் பெருநற்கிள்ளானும் வரவில்லை. அவர்கள் இருவரும் வெண்காடனோடு ஒரு வார்த்தைகூடச் சண்டை போட்டதில்லை.

அரசன் கடகத்தை நீட்டவுமில்லை, வெண்காடன் கையை நீட்டவுமில்லை.

தன் பிழையைத் தானே பிளக்கத் தயங்கி ஒருவன் சொல்லும் ஒவ்வொரு சாக்குக்கும், குற்றமில்லாதவர்களே விலை கொடுக்கிறார்கள்.

காட்டுக்குப் போனவர்கள் ஒன்பது பேர். மீண்டவர்கள் ஏழு பேர்.