தை பதினாறு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் பள்ளிக்கூடம் நடந்துவந்தது. மேல் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களுக்குப் பாடம் சொன்னவர் இராசமாணிக்கம். மடத்துத் தலைவரான அடிகளிடம் பன்னிரண்டு ஆண்டுகள் சீடராக இருந்தவர். மடத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்து, செய்தியை அடிகளிடம் சொல்லி, பதில் எழுதி அனுப்புவதும் அவர் பொறுப்பே.

முந்தைய ஆண்டு அடிகள் அவரை நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கிருந்து அவர் ஒரு வித்தையைக் கற்றுவந்தார். எழுதியிருப்பதில் வேண்டிய செய்தியை விரைந்து தேடி எடுக்கும் வித்தை அது.

கேள்வியை முதலில் படிக்க வேண்டும். அதன் முக்கியச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள்காட்டி விரலைப் பக்கத்தின் நடுவில் வைத்து மேலிருந்து கீழே இழுக்க, கண் விரலின் பின்னால் போக வேண்டும். எண், பெயர், ஊர் என்று வந்தால் மட்டும் நிற்கலாம். கடிதமாக இருந்தால் முதல் இரண்டு வரிகளைத் தாண்டிவிடலாம். அங்கே நல விசாரிப்பைத் தவிர வேறு எதுவும் இராது. இவ்வாறு அவர் கற்பித்தார்.

பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். செய்தித்தாளை விரித்தால் புளியின் விலையை எடுத்தார்கள். பஞ்சாங்கத்தில் பிரதோஷ நாளை ஒரு மூச்சு விடுவதற்குள் தொட்டுக் காட்டினார்கள். தை இருபதாம் நாள் வட்டாரப் பள்ளிகளுக்கு இடையே இதற்கென ஒரு போட்டி நடக்க இருந்தது. வகுப்பு முழுவதும் எடுத்துக்கொள்ளும் நேரத்தின் சராசரியைக் கணக்கிட்டுப் பரிசு தருவார்கள்.

தெய்வானை என்ற ஒருத்திக்கு மட்டும் வித்தை படியவில்லை. எதைக் கொடுத்தாலும் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை படித்துவிட்டே கை தூக்குவாள். விடை ஒருநாளும் தவறியதில்லை. நேரம்தான் ஆயிற்று.

வகுப்பிலேயே வேகமானவன் சரவணமுத்து. அவன் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அவ ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவா."

"கும்பிடாமப் போனா புள்ளி கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் படிப்பைத் தொடர்ந்தாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை இராசமாணிக்கம் அடிகளிடம் சென்று அனுமதி கேட்டார். தெய்வானையைக் கீழ் வகுப்புக்கு மாற்ற வேண்டும் என்றார். ஒருத்தியால் முப்பத்தொரு பேரின் உழைப்பு வீணாகிறது என்பது அவர் வாதம்.

அடிகள் கேட்டார்: "அவ தம்பி எந்த வகுப்பு?"

"கீழ் வகுப்புங்க, சாமி."

"அவளுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேனுங்க. தம்பி பக்கத்துல மட்டும் உக்கார வைக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டா. அழலைங்க."

அடிகள் மதியம் வகுப்புக்குத் தாமும் வருவதாகவும், ஒரே ஒரு கேள்வி கேட்கப்போவதாகவும், அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.

மடத்தின் அலுவல் அறையில், வந்த கடிதங்களைக் குத்தி வைக்கும் கம்பி ஒன்று தொங்கியது. மதியச் சோற்றுக்குப் பிறகு அடிகள் அதில் மேலாக இருந்த கடிதத்தைக் கழற்றி, நின்றவாறே படித்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்.

கடிதம் வாய்க்கால் பாசனத்து ஊரிலிருந்து நல்லசிவம் என்பவர் எழுதியது. பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தை மாதமும் மடத்துக்கு ஒரு வண்டி அரிசி அனுப்புகிறவர். கோழி கிளறினாற்போன்ற அவருடைய கையெழுத்து பிள்ளைகளுக்குப் பழக்கமானதே. பலருடைய கையெழுத்தையும் வாசிக்கப் பழகுவதற்காகப் பழைய கடிதங்களைப் பிள்ளைகளிடம் கொடுப்பது அப்பள்ளியின் வழக்கம்.

"இது முந்தாநாள் வந்த கடுதாசி" என்றார் அடிகள். "வண்டி என்னைக்கு வருது? சத்தமாச் சொல்ல வேண்டாம். வாத்தியார் காதுல சொன்னாப் போதும்."

கடிதம் கை மாறியது. இராசமாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். சரவணமுத்து ஆறு விநாடி எடுத்துக்கொண்டான். அவனுக்கு அடுத்தவள் ஏழு. பன்னிரண்டு விநாடிக்கு மேல் யாரும் போகவில்லை. முப்பத்தொரு பேரும் ஒரே விடையைச் சொன்னார்கள். ஆசிரியரின் முகத்தில் நிறைவு தெரிந்தது; அதில் தவறு ஏதும் இல்லை, உழைத்தவர் அவர்.

கடைசியாகக் கடிதம் தெய்வானையிடம் சென்றது.

அவள் தொடக்கத்திலிருந்து படித்தாள். இரண்டு நிமிடம் கழிந்தது. பின்வரிசையில் ஒருவன் கைகூப்பிக் காற்றைக் கும்பிட்டான், சிலர் சிரித்தார்கள். அவள் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் முதல் வரிக்கு வந்தாள்.

"தை பதினாறுங்க" என்றாள். வாத்தியார் காதில் சொல்ல வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள்.

"நாலு நிமிசம்" என்றார் இராசமாணிக்கம்.

அவள் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. "சாமி, இவரு வந்தா எங்க படுப்பாருங்க?"

வகுப்பு சிரித்தது. வருவது வண்டிதான், அவர் ஒருபோதும் உடன் வந்ததில்லை என்று இராசமாணிக்கம் திருத்தினார்.

"இந்தத் தடவை வர்றாருங்க. மடத்துல ஒரு மூலை கொடுத்தாப் போதும், கொஞ்ச நாள் இருந்துக்கறேன்னு எழுதியிருக்காருங்களே."

இராசமாணிக்கம் கடிதத்துக்குக் கை நீட்டினார். அடிகள் தம் கையைச் சற்றே உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"வேற என்ன எழுதியிருக்காரு?"

"அரிசியாக் குத்தி அனுப்ப முடியலையாம். நெல்லாவே வருதாங்க."

"எழுதாம விட்டது ஏதாச்சும் உண்டா?"

எழுதாததை எப்படித் தேடுவது என்று சரவணமுத்து முணுமுணுத்தான்.

தெய்வானை கடிதத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "வருசா வருசம், நானும் வீட்டுக்காரி வள்ளியாத்தாளும் சுகம்னுதான் ஆரம்பிப்பாருங்க. கடைசியில, வள்ளியாத்தா எள்ளுருண்டை புடிச்சுக் கொடுத்திருக்கான்னு இருக்கும். இதுல நான் சுகம்னு மட்டும் இருக்குதுங்க. எள்ளுருண்டை இல்லீங்க."

கும்பிட்டுக் காட்டியவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

இராசமாணிக்கம் கடிதத்தை வாங்கினார். பதினான்கு வரிகள். முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை படித்தார். விரல் பக்கத்தின் நடுவில் இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாதது போலத் தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தது. படித்து முடித்ததும் கடிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்தார்.

பிறகு தாழ்ந்த குரலில், இதற்கு நேற்றிரவே பதில் எழுதி, காலையில் தபால் பெட்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"என்ன எழுதின?"

"பதினாறாந் தேதி சௌகரியம். இனிமேல் வழக்கம்போல அரிசியாகவே அனுப்பவும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க, சாமி."

அடிகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு முப்பத்தைந்து. தெருக்கோடி அஞ்சலகத்தில் மூன்று மணிக்குப் பையைக் கட்டி முத்திரை வைப்பார்கள்.

இராசமாணிக்கம் தலை குனிந்து நின்றார். முப்பத்திரண்டு பிள்ளைகளின் முன்னால் அவ்வாறு நிற்பது அவருக்கு வழக்கமில்லை.

"நான் சொல்லிக் கொடுத்தது தப்புங்க, சாமி. இன்னையோட அந்தப் பாடத்தை நிறுத்திடறேன்."

"பொங்கல் வாழ்த்துப் போற சமயம்" என்றார் அடிகள். "பெட்டியில எத்தனை கடுதாசி இருக்கும்?"

"நானூறு, ஐந்நூறு இருக்குமுங்க."

"போஸ்ட்மாஸ்டர் அம்மாகிட்ட எழுதிக் கொடுத்து உன் கடுதாசியைத் திருப்பிக் கேளு. போட்டவனே வந்து கேட்டா, தேடிக்கச் சொல்லுவாங்க. இருபத்தஞ்சு நிமிசத்துல ஐந்நூறையும் நீ ஒருத்தனாப் பாத்துர முடியுமா?"

"முடியாதுங்க, சாமி."

"சரவணமுத்துவையும் வேகமானவங்க இன்னும் அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டுப் போ. உன் கையெழுத்து அவங்களுக்குத் தெரியும். பேரையும் ஊரையும் மட்டும் பாக்கச் சொல்லு. வேற எதையும் படிக்க வேண்டாம்."

ஆறு பேரும் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார்கள். சரவணமுத்து வாசலுக்கே போய்விட்டிருந்தான். ஆள்காட்டி விரல் ஏற்கெனவே நீண்டிருந்தது.

இராசமாணிக்கம் படியிறங்கப் போனவர் திரும்பினார். காலையில் கேட்டதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

"தெய்வானையை எங்க உக்கார வைக்கட்டுங்க, சாமி?"

அடிகள் ஆசிரியரின் மேசையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அவ இங்கயே இருக்கட்டும். அந்தக் கடுதாசிக்குப் பதில் எழுதணும். அதுக்கு நேரமாகும்."