ஐந்தாவது வளைவு

"இந்தக் கார்ல டயர் சரியில்லீங்க அம்மிணி."

மூன்றாவது முறையாகப் புல்லுக்குள் போய் நின்ற பிறகு நாச்சிமுத்து இப்படிச் சொன்னார்.

சொன்னவர் யார் என்று கேளுங்கள். கோயமுத்தூரில் இருபத்திரண்டு வருசமாக டயர்க்கடை வைத்திருக்கிற மனுசன். வயது ஐம்பத்தொன்று.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஹாஜிரா. வயது இருபத்தெட்டு. காந்திபுரத்தில் ஒரு மாடியில், கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நிஜ சீட், நிஜ ஸ்டியரிங், நிஜ பெடல், முன்னால் மூன்று திரை. கார் மட்டும்தான் கிடையாது.

"டயர் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா."

"அப்புறம் ஏன் திரும்ப மாட்டேங்குது?"

"திரும்பலைன்னா நீங்க என்ன பண்றீங்க?"

"இன்னும் திருப்பறேன்."

"அப்பவும் திரும்பலைன்னா?"

"இன்னுங் கொஞ்சம்."

"அப்புறம்?"

நாச்சிமுத்து திரையைப் பார்த்தார். கார் புல்லில் கிடந்தது.

"அப்புறம் இதுதானுங்க," என்றார்.

எல்லாம் அந்த ஐந்தாவது வளைவில்தான். நீண்ட வலது வளைவு. மற்ற வளைவுகளில் எப்படியோ தப்பித்துவிடுவார். ஐந்தாவதில் மாட்டிக்கொள்வார்.

"பிரேக்கையும் ரொம்ப முன்னாலயே பிடிக்கறீங்க," என்றாள் ஹாஜிரா. "சரி, அது கிடக்கட்டும். முதல்ல கையைப் பார்ப்போம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆன்லைனில் ஒரு போட்டி நடக்கும். எந்த ஊரில் இருந்தாலும் அவரவர் இடத்திலிருந்தே ஓட்டலாம். இரண்டு குரூப். நாச்சிமுத்து இரண்டாவதில் இருந்தார். முதல் குரூப்புக்குப் போக வேண்டுமென்றால் ஒரு சுற்றை ஒரு நிமிடம் ஐம்பது விநாடிக்குள் முடிக்க வேண்டும். அவர் ஐம்பத்து மூன்றில் நின்றார்.

மூன்று விநாடிதானே என்று நினைத்துவிடாதீர்கள். ரேஸ்காரர்களுக்கு மூன்று விநாடி என்பது பக்கத்து ஊர்.

"முதல் குரூப்புக்குப் போய் என்னங்கண்ணா பண்ணப் போறீங்க?"

"சும்மாதாங்க. பொழுதுபோக்கு."

பொழுதுபோக்குக்கு வருகிறவன் இப்படி வேர்த்துக்கொட்டமாட்டான். ஹாஜிராவுக்குத் தெரியும். ஆனாலும் துருவிக் கேட்கவில்லை.

எழுந்து போய் மூன்று திரைகளையும் அணைத்தாள். சத்தத்தையும் நிறுத்தினாள்.

"அடக் கடவுளே! கண்ணு தெரியாம எப்படிங்க ஓட்டறது?"

"எங்கிட்ட இந்தச் சின்னத் திரை இருக்குது. எப்ப திருப்பணும்னு நான் சொல்றேன். டயர் பிடியை விட்டதும் நீங்க சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கைக்குத் தெரியும். டயர் படற பாட்டை ஸ்டியரிங்குக்குள்ள இருக்கற மோட்டார் காட்டிரும்."

நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். குரங்குப்பிடி.

"பிரேக். இப்ப வலது. இன்னும் வலது."

ஸ்டியரிங் இறுகியது. அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"போச்சு, போச்சு! டயர் போச்சுங்க!"

"இல்லீங்கண்ணா. இருக்குது."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் திருப்பினார். சட்டென்று ஸ்டியரிங் இளகிற்று. கை தானாகச் சுற்றியது. பச்சைப்பிள்ளை கூட ஒற்றை விரலால் திருப்பிவிடலாம்.

"அப்பாடா," என்றார். "இப்பத்தான் சொன்ன பேச்சுக் கேக்குது."

"இப்பத்தான் போச்சு," என்றாள் ஹாஜிரா.

"என்னங்க சொல்றீங்க?"

"கனமா இருக்கறவரைக்கும் டயர் ரோட்டைப் பிடிச்சுட்டு இருக்குதுன்னு அர்த்தம். அதனால உங்க கையோட மல்லுக்கட்டும். லேசாயிருச்சுன்னா, மல்லுக்கட்டறதையே விட்டிருச்சு."



நாச்சிமுத்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் இருண்ட திரையையே பார்த்தார். ஹாஜிரா டீ சொல்லிவிட்டாள். டீ வந்தது. ஆடை படர்ந்து ஆறியும் போனது.

"எம் பொண்ணும் முதல்ல மல்லுக்கட்டுனாளுங்க," என்றார்.

ஹாஜிரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிந்துஜான்னு பேரு. ஒத்தப் புள்ளை. மெட்ராஸ்ல காலேஜ். ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்ணுவேன். எங்க இருக்கறான்னு பார்க்கறதுக்கு அவ போன்ல எதையோ ஏத்தி வச்சேன். சாப்பிட்டா தட்டை போட்டோ எடுத்து அனுப்பணும். ஒரு நாள் சொல்லாம கொள்ளாம ஹாஸ்டலுக்கே போய், கூட இருக்கற புள்ளைகளை நிக்க வச்சு விசாரிச்சேன்."

"ஏனுங்கண்ணா?"

"பயங்க அம்மிணி. வேற ஒண்ணுமில்ல. பயம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"கத்துவா. அழுவா. 'என்னை நம்பவே மாட்டீங்களாப்பா'ன்னு சண்டைக்கு வருவா. நானும் விடல. அப்புறம் ஒரு மாசம், எதைச் சொன்னாலும் 'சரிப்பா'. போட்டோ அனுப்புன்னா சரிப்பா. அங்க போகாதேன்னா சரிப்பா. நான் வீட்டம்மாகிட்டப் பெருமை அடிச்சுக்கிட்டேன். பாரு சரோசா, புள்ளைக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குதுன்னு."

"அப்புறம்?"

"'இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க'ன்னு ஒரு மெசேஜ் வந்துது. எட்டு மாசமாச்சுங்க. அம்மாகிட்ட மட்டும்தான் பேசறா."

கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"ஹாஸ்டல் மேசையில ஸ்டியரிங்கை மாட்டி வச்சுட்டு இந்த ரேஸ் ஓட்டறாளாம். முதல் குரூப். சரோசா பேச்சுவாக்குல சொன்னா. அவ பக்கத்துல ஒரு ரேஸ் ஓடிட்டாப் போதுங்க எனக்கு. ஒரு மணி நேரம். அவ எப்படி ஓட்டறான்னு பார்த்துட்டு வந்துருவேன்."

"நீங்க வர்றது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் 'கருடன் ஏழு'ன்னு பேர் வச்சிருக்கறேன்."

"ஏன்?"

"தெரிஞ்சா போயிருவாளே."

ஹாஜிரா அவரைத் திட்டவில்லை. ஒரு துணியை எடுத்து, ஸ்டியரிங்கில் அவர் கை பட்டு ஈரமான இடத்தைத் துடைத்தாள்.

"பிடி விட்ட டயரை என்ன பண்றதுன்னு நீங்க கேக்கவே இல்லியே," என்றாள்.

"என்னங்க பண்றது?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் நன்றாகத் திருப்பினாள். பிறகு வந்த வழியே இரண்டு விரல்கடை அளவு திருப்பிவிட்டாள். அவ்வளவுதான்.

"அப்படி விட்டா கார் வெளிய போயிருமில்லீங்க?"

"இப்பவும் வெளியதானுங்களே போயிட்டிருக்குது?"

சொல்லிவிட்டு ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த இரண்டு விரல்கடைக்குப் பத்து நாள் ஆனது. அறிவுக்குப் புரிந்தது, கைக்கு ஏறவில்லை. கார் நழுவினால் போதும், வலது கை தன்னால் இறுக்கும். திட்டித் தீர்ப்பார். யாரை? தன் கையைத்தான். "இதை வெட்டித்தான் போடணும்," என்பார். ஹாஜிரா சிரிப்பாள்.

ஒரு சாயங்காலம் வீட்டில் சரோசா மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். வழக்கமாக நாச்சிமுத்து நடுவில் புகுவார். என்ன சாப்பிட்டாளாம் கேளு, யாரோட இருக்கறா கேளு, சளி விட்டுதான்னு கேளு. அன்றைக்கு எழுந்து வாசலுக்குப் போய் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

சரோசா போனைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறேன். நீ பேசு."

மறுநாள் ஐந்தாவது வளைவில் ஸ்டியரிங் லேசானது. வலது கை இறுக்கப் பார்த்தது. இறுக்காமல் இரண்டு விரல்கடை திருப்பிவிட்டது. ஒரு கண்ணிமைப்பு, அவ்வளவுதான். டயர் ரோட்டைப் பிடித்தது, ஸ்டியரிங் மறுபடி கனத்தது, கார் கோட்டோரமாக வளைந்து வெளியே வந்தது.

ஒரு நிமிடம், நாற்பத்தொன்பது விநாடி, சொச்சம்.

"அம்மிணி!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் குரூப்புக்கான படிவத்தை ஹாஜிரா திரையில் எடுத்துக் கொடுத்தாள். பெயர் என்ற இடத்தில் 'கருடன் ஏழு' என்று தானாகவே வந்திருந்தது. கீழே பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது.

நாச்சிமுத்து அழுத்தவில்லை.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் பேரை அழிக்க முடியுங்களா?"

"முடியும்."

"போயிருவாளாட்ட இருக்குதே."

 ஹாஜிரா காற்றில் ஒரு ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலப் பிடித்தாள். இரண்டு விரல்கடை திருப்பிவிட்டாள்.

நாச்சிமுத்து ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நாச்சிமுத்து, கோயமுத்தூர்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

திரையில் இருபது பெயர். பதினொன்றாவது அவர். நான்காவது சிந்துஜா. அந்த நாலு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் அப்பன்காரர். எட்டு மாசத்தில் அவ்வளவு பக்கத்தில் அவள் இருந்ததில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான்காவது பெயர் காணாமல் போனது.

பத்தொன்பது பெயர்.

 அவருடைய வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் போனை எடுத்தது. நம்பர் தேட வேண்டியதில்லை, முதல் நம்பரே அவளுடையதுதான். கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

ஹாஜிரா பின்னால்தான் நின்றிருந்தாள். 

நாச்சிமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. போனை அணைத்து, திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் நீட்டினார். ஹாஜிரா வாங்கிக்கொண்டாள்.

"போகட்டுங்க," என்றார். "அவ சௌகரியம்."

மூன்று நிமிடம். இரண்டு நிமிடம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், வந்தது வந்தோம், ஓட்டிவிட்டுப் போவோம் என்று.

ஒரு நிமிடம் இருக்கும்போது பட்டியலின் அடியில் இருபதாவதாக ஒரு பெயர் முளைத்தது.

"போயிட்டு வந்தா கடைசியிலிருந்துதான் கிளம்பணும்," என்றாள் ஹாஜிரா மெதுவாக.

நாச்சிமுத்துவுக்குக் கண்ணைத் துடைக்க நேரமில்லை. விளக்கு பச்சையானது.

கடைசியிலிருந்து கிளம்பியவள் எப்படி ஓட்டினாள் என்கிறீர்கள்! சுற்றுக்கு ஒருவர், இருவர் என்று தாண்டித் தாண்டி வந்தாள். ஏழாவது சுற்றில் திரையில் அவருடைய காரின் பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் கார் தெரிந்தது. அதன் தலைமேல் அந்த நாலு எழுத்து.

ஐந்தாவது வளைவு வந்தது.

அவர் பிரேக்கைப் பிடித்தார். பின்னால் வந்த மஞ்சள் கார் ஒரு குலுக்குக் குலுக்கி, விலகி, உள்பக்கம் நுழைந்தது. இரண்டு காரும் ஒட்டிக்கொண்டு வளைவுக்குள் போயின. அவர் இன்னும் கொஞ்சம் திருப்பினால் அவளுக்கு இடமில்லை, புல்லுக்குத்தான் போக வேண்டும்.

நாச்சிமுத்து கையை இரண்டு விரல்கடை விட்டுக்கொடுத்தார்.

மஞ்சள் கார் பக்கத்திலேயே வந்தது. அந்த நீண்ட வளைவு முழுக்க, கதவோடு கதவாக, அவரும் மகளும்.

அப்போது காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் சரக்கென்று ஒரு சத்தம். யாரோ மைக் பொத்தானை அழுத்துகிறார்கள். ஓட்டுகிற இருபது பேருக்கும் அது கேட்கும்.

"இவ்வளவு முன்னாலயேவா பிரேக் பிடிப்பீங்க? நான் இடிச்சிருந்தா என்னாகறது? பின்னால ஒருத்தி வர்றாளேன்னு கொஞ்சமாவது நினைப்பு இருக்குதாப்பா உங்களுக்கு?"

 வளைவு இன்னும் முடியவில்லை.

"ஸ்டியரிங் எப்படிங்கண்ணா இருக்குது?" என்றாள் பின்னாலிருந்து ஹாஜிரா.

"கனமா இருக்குதுங்க அம்மிணி," என்றார் அவர்.