ஐந்தாவது சீட்டு

"மேடம், என்னால முடியலை. ஒரே ஒரு பேர் சொல்லுங்க, போதும்."

ஜெபசிங் கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தார். வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இருபத்தெட்டு வருஷம் தரவுத்தளம் அமைத்துக் கொடுத்தவர். அருங்காட்சியகத்தின் எழுபதாயிரம் பூச்சிகளிடம் வந்துதான் மாட்டிக்கொண்டார். கட்டியதை மூன்று முறை கலைத்தாயிற்று.

தில்லைக்கரசி அவரைவிடப் பத்து வயது இளையவர். பூச்சிகள் எல்லாம் அவர் பொறுப்பு. பதினொரு மாதமாக ஜெபசிங் பாடம் கேட்பது அவரிடம்தான்.

"எதுக்குப் பேர், சார்?"

"இந்த வண்டுக்கு. ஒரு பூச்சிக்கு ஒரு பேர்னு கட்டம் போட்டு வச்சேன். இதுக்கு நாலு இருக்கு. எது சரி?"

தில்லைக்கரசி பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாடை குப்பென்று வந்தது. இடுக்கியால் வண்டை ஊசியோடு தூக்கினார்.

வண்டுக்குக் கீழே, அதே ஊசியில், பிடித்த ஊரும் தேதியும் எழுதிய சீட்டு. அதற்கும் கீழே நாலு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறிவியல் பெயர், அதை வைத்தவரின் கையெழுத்து, வருஷம்.

"கடைசிச் சீட்டு உங்களோடது," என்றார் ஜெபசிங். "அப்ப அதுதானே சரி? மத்த மூணையும் விட்டுடறேன்."

தில்லைக்கரசி துண்டுத் தாள் ஒன்றை எடுத்துப் பொடி எழுத்தில் எழுதினார். வேறொரு பெயர். தன் கையெழுத்து. இந்த வருஷம்.

அதை ஊசியில் குத்தி, தன் பழைய சீட்டுக்குக் கீழே ஏற்றினார்.

ஜெபசிங் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பழசு?"

"தப்பு. போன வாரம்தான் மைக்ரோஸ்கோப்ல பார்த்தேன். பின்னங்கால்ல ஒரு முள் அதிகமா இருக்கு. பதினேழு வருஷமா என் கண்ணுல படலை."

"ஒரு வண்டுதானே, மேடம்."

"அந்தப் பேரை வச்சுத்தான் டாக்டர் பட்டம் வாங்கினேன், சார்."

தில்லைக்கரசி கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

ஜெபசிங் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பழைய சீட்டை உருவிடலாமே, மேடம். நான் இன்னும் கணினியில ஏத்தலை. யாருக்கும் தெரிய வராது."

தில்லைக்கரசி வண்டை அவர் கண்ணருகே நீட்டினார்.

"கீழ பாருங்க, சார். எனக்கு முந்தின மூணு பேரோட சீட்டையும் யாரும் உருவலை. ஊசியில இன்னும் எத்தனை சீட்டுக்கு இடம் இருக்கு?"