தஞ்சம் கொடுத்த அரண்மனை

முன்னொரு காலத்தில் குறும்பொறை நாட்டைக் கோடைமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அரசி இறந்த பிறகு அவனுக்குப் பேச்சுத்துணை இல்லை. அரண்மனையில் அறைகள் ஏராளம். சாப்பாட்டுக் கூடத்தில் விழுவது ஒரே ஓர் இலை. அவன் எதைச் சொன்னாலும் சபை "ஆமாம் அரசே" என்றது. தனிமை அவனை அரித்துத் தின்றது, பாவம்.

ஒருநாள் அவனுடைய பட்டத்து யானை பக்கத்து நாட்டுக் குளத்தில் இறங்கி, ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். போதாதா? "படை கிளம்பட்டும்!" என்று குதித்தான் அரசன்.

அமைச்சர் அழிசியார் எழுந்தார். "அரசே, எதிரி நாட்டுப் பெண்கள், முதியோர், நோயாளிகளுக்குப் பறையறைந்து, அவர்கள் பத்திரமான இடம் சேர்ந்த பிறகே அம்பு விடுவது நம் முன்னோர் வழக்கம். அவர்கள் எங்கே போவார்கள்?"

தளபதி மழவனுக்கு அமைச்சரைக் கண்டாலே ஆகாது. "இதெல்லாம் சாக்குப்போக்கு! நம் அரசரே தஞ்சம் கொடுப்பார். போய்ப் பறையறையும்!" என்றான்.

"அப்படியே ஆகட்டும். ஆனால் காலம் கடத்தினால் உம் தலை இருக்காது, அமைச்சரே" என்றான் அரசன்.

மறுநாள் எதிரி நாட்டிலிருந்து அரண்மனை கொள்ளாத கூட்டம். தொட்டில்கள், கஷாயச் சட்டிகள், இருமல், அழுகை.

"என்னய்யா இது?"

"தளபதி வாக்குக் கொடுத்தாரே, அரசே. நாட்டிலேயே பெரிய காலி வீடு இதுதான்" என்றார் அழிசியார்.

அரசனுக்குச் சுருக்கென்று தைத்தது. சாப்பிடப் போனான். நிறைமாதக்காரி ஒருத்தி வந்து எதிரே உட்கார்ந்தாள். "ஒத்தையிலயா சாப்பிடுறீங்க? எனக்கும் ஓர் இலை போடச் சொல்லுங்க."

எத்தனை காலமாயிற்று, அவனிடம் ஒருவர் இப்படிப் பேசி! பாதிச் சாப்பாட்டில் அவள் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கத்துப் படையில இருக்காரு. சண்டை முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போக வருவாருல்ல?"

அரசன் கையிலெடுத்த சோற்றை இலையிலேயே வைத்தான். இனி இவளும் தன்னைப்போலத் தனியாகச் சாப்பிடுவாளோ? வாசலில் நின்ற தளபதியிடம், "மழவா, நீயே பதில் சொல்" என்றான். பதிலுக்குக் காத்திராமல் படையைக் கலைக்கச் சொன்னான்.

போர் நின்றது. இருமல்காரக் கிழவரை முதுகில் சுமந்துபோய் ஊர் சேர்க்கும் வேலை மழவனுக்குக் கிடைத்தது. அமைச்சருக்கு அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

எல்லோரும் போனதும் அரண்மனை முன்னைவிட வெறிச்சோடியது. "மறுபடியும் யாருமில்லையே, அழிசியாரே" என்றான் அரசன்.

"எல்லோரும் உயிரோடுதானே இருக்கிறார்கள், அரசே. போய்ப் பார்த்துவிட்டு வரலாமே."

கோடைமாறன் வாளைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.