பெட்டிக்குள் மாட்டிய கடைசிக் கட்டம்

காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களே, இந்த வழக்கை நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

தூத்துக்குடி சங்கரலிங்கம் தலை நரைத்த பிறகும் காமிக்ஸ் சேர்க்கிறவர். அவரிடம் இருப்பதிலேயே பெரிய புதையல் ‘இரும்புப் பருந்து’ முதல் இதழ். அதை வரைந்த ஓவியர் சென்னை வந்திருந்தபோது, பழைய காமிக்ஸ்களுக்குத் தரம் பார்க்கும் கம்பெனியின் ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு கம்பெனி பக்கம் பக்கமாகச் சோதித்து, பத்துக்கு ஒன்பதரை மதிப்பெண் போட்டு, புத்தகத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டது. இனி அட்டையைப் பார்க்கலாம், பக்கத்தைப் புரட்ட முடியாது. பெட்டியை உடைத்தால் மதிப்பெண்ணும் போச்சு, கையெழுத்துக்கான சாட்சியும் போச்சு. மறுபடி போட்டுக்கொடுக்க ஓவியரும் இப்போது உயிரோடு இல்லை. சங்கரலிங்கம் வெயில் படாத சுவராகப் பார்த்து அதை மாட்டி, தினமும் அதன் முகத்தில்தான் விழிப்பார்.

அத்தனை மதிப்பெண் வந்ததற்குக் காரணம் பின்னட்டையில் வெட்டாமல் இருந்த கூப்பன். அதை வெட்டி அனுப்பினால் ‘பருந்துப் படை’யில் சேர்த்துக்கொண்டு பேட்ஜ் அனுப்புவார்கள். அந்தக் காலத்துப் பையன்கள் ஒருத்தன் விடாமல் வெட்டித் தள்ளியதில், வெட்டாத பிரதி வேறு யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

சங்கரலிங்கம் மட்டும் ஏன் வெட்டவில்லை? ஒரு கூப்பனில் இரண்டு பேர் சேரலாம். எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெரால்டு, “ஒம் புக்காவது முழுசா கெடக்கட்டும்ல” என்று தன்னுடையதில் கத்தரி வைத்தான். கூப்பனைத் தபாலில் போட்ட பிறகுதான் கதையைப் படிக்க உட்கார்ந்தான். கடைசிக் கட்டத்தைக் காணோம்! கறுப்பு முகமூடிக்காரன் முகத்தைக் காட்டுகிற கட்டம், கூப்பனின் மறுபக்கத்தில் இருந்திருக்கிறது.

“கலங்கரை விளக்கத்துக் காவக்காரன்தாம்ல அது” என்று அடித்துச் சொன்னான் ஜெரால்டு. பாதிக் கதையில் இருந்த சங்கரலிங்கம், “இல்ல, டாக்டர்தான்” என்றான். “நான் முடிச்சதும் எம் புக்குல நீயே பாத்துக்கோ” என்று வாக்கும் கொடுத்தான். அன்று இரவே ஜெரால்டின் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. காரணம் பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

நாற்பது வருஷம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, ஜெரால்டு வாசலில் வந்து நின்றார். முன்வழுக்கையும் தொப்பையும்தான் புதிது, சிரிப்பு அதே சிரிப்பு. சங்கரலிங்கம் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். காபி ஆறும்வரை பழங்கதை பேசினார்கள். பிறகு ஜெரால்டு சுவரிலிருந்த பெட்டியை இறக்கித் திருப்பினார். பின்பக்கம் கூப்பன் பளிச்சென்று தெரிந்தது.

“இதுக்குப் பின்னாலதானல அந்தக் கட்டம்?”

சங்கரலிங்கத்தின் மனைவி ஆவுடையம்மாள் பதறிப்போனார். “இதுக்காவ பெட்டிய ஒடைப்பாகளா? யாருன்னு வாயால சொல்லிருங்க.”

ஜெரால்டு சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார். “சொல்லிராத மக்கா!” அப்புறம் அசட்டுச் சிரிப்போடு, “பெட்டி கெடக்கட்டும். இந்த வயசுல பாத்து என்ன ஆவப்போவுது” என்றார். ஆனால் மடியிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. விரல் கூப்பனின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தது.

சங்கரலிங்கம் எழுந்து போய்த் திருப்புளியோடு வந்தார். பெட்டியின் விளிம்பில் கொடுத்து நெம்பினார்.

வாயால் சொல்லிவிட்டால் போதும் என்ற மனைவி, வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த நண்பர், உடைத்தே தீர்த்த சங்கரலிங்கம். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சங்கரலிங்கம் செய்ததே சரி. கொடுத்த வாக்கு ‘பாத்துக்கோ’ என்பது, ‘கேட்டுக்கோ’ என்பதல்ல. வாக்கை வாங்கியவர் விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது என்பீர்கள். ஜெரால்டு வாயால்தான் விட்டார், கையால் விடவில்லையே! அந்தப் புத்தகம் முழுசாகப் பிழைத்ததும் அவர் தன் புத்தகத்தை வெட்டியதால்தான். நெம்பும்போது சங்கரலிங்கம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், அதையும் மறைப்பதற்கில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டிய ஜெரால்டு தொடையில் ஓங்கித் தட்டி, “நான் அன்னைக்கே சொன்னேம்லா, காவக்காரன்னு!” என்று கத்தினார். தோற்றதை ஒப்புக்கொள்ள நாற்பது வருஷமாக ஆள் கிடைக்காமல் இருந்த சங்கரலிங்கம், “ஆமாம்ல, நீதாம்ல ஜெயிச்ச” என்றார்.