ஐந்து பூட்டும் அம்மாசியாரின் தோளும்

திருக்கொன்றைக்குடி அரிசி மண்டியில் மூட்டை தூக்கிப் பிழைத்த அம்மாசியார், எந்த மூட்டையையும் தொப்பென்று போட்டதில்லை. திருவிழா நாட்களில் கொன்றையீசரின் பல்லக்கைச் சுமந்து காய்த்துப்போன வலத்தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "சாமி, ஏறிக்க" என்று மூட்டையை ஏற்றுவார். இறக்கும்போது, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல் இறக்குவார். மண்டியே சிரிக்கும்.

"யோவ் அம்மாசி, ஒன் சாமி இன்னிக்குப் பொன்னியா, குருணையா?" என்பார்கள்.

"எதுவா இருந்தா என்ன மாப்ள, கனம் அவரு கனந்தான்."

அவரும், அவரோடு பல்லக்குச் சுமக்கும் பங்காளிகளும் குடியிருந்த பல்லக்குத் தெருவுக்குக் குழாய் உண்டு. குழாயில் சாக்கடையும் உண்டு. கோடைதோறும் வாந்திபேதி வந்து சிலரைக் கூட்டிக்கொண்டு போகும். இது கண்டு ஊரின் ஐந்து பெரிய அமைப்புகள் நெஞ்சுருகி ஒன்றுசேர்ந்தன. கோயில் நிர்வாகம் இடம் தந்தது. நகராட்சி ஆழ்குழாய் போட்டது. மில் முதலாளியின் அறக்கட்டளை சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கியது. தனியார் ஆஸ்பத்திரி, தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சான்று தந்தது. பிரமுகர் சங்கத்துக்குச் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. அது 'கூட்டு நல்வாழ்வுத் திட்டம்' என்று பெயர் வைத்தது.

தெருமுனையில் குடிநீர் நிலையம் எழுந்தது. தண்ணீரும் ஏறியது. திறப்பதுதான் நடக்கவில்லை. கல்வெட்டில் எவர் பெயர் மேலே என்று வழக்குத் தீரவில்லை. அதற்குள் ஒருவர் முந்திக்கொண்டு திறந்துவிட்டால்? ஆளுக்கொரு பூட்டாக ஐந்து பூட்டுகள் தொங்கின. ஐவரும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள்.

அந்தக் கோடையில் அம்மாசியாரின் மனைவி தையல்நாயகி படுத்தார்.

"நல்ல தண்ணி மட்டும் குடு. கெட்ட தண்ணி குடுத்தா நான் பொறுப்பில்ல" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"நல்ல தண்ணி ஒங்க பூட்டுக்குள்ளதானே ஐயா இருக்கு?"

"என் பூட்டை இப்பவே தொறப்பேம்ப்பா. மத்த நாலு பேரைக் கேட்டியா?"

கேட்டார். மற்ற நால்வரும் அதையேதான் சொன்னார்கள். மில் முதலாளி மட்டும் மோர் கொடுத்துச் சொன்னார். அம்மாசியார் வீடு திரும்பியபோது தையல்நாயகிக்கு எந்தத் தண்ணீரும் தேவைப்படவில்லை.

ஐந்து மாலைகள் வந்தன. "சாமி அழைச்சுக்கிட்டாரு" என்றார் கோயில் அறங்காவலர்.

அம்மாசியார் கைகூப்பினார். "சாமி மேல ஏங்க பழி போடுறீங்க?"

சாவுத் துக்கம் ஆறுவதற்குள் திருவிழா வந்தது. தெரு முழுவதும் பங்காளிகள்; அத்தனை பேருக்கும் தீட்டு. பல்லக்கைத் தொட ஆளில்லை. "அடியார்க்கும் அடியாராய் நாங்களே சுமக்கிறோம்" என்று ஐந்து அமைப்புகளின் தலைவர்களும் அறிவித்து, பத்திரிகைக்காரர்களையும் வரவழைத்தார்கள். பல்லக்குக்கு முனை நான்கு, பெரியவர்கள் ஐந்து. முன்தண்டுக்கு நடந்த தள்ளுமுள்ளில் தோற்ற சங்கத் தலைவர், நடுவில் விரல் வைத்துப் படத்துக்குச் சிரித்தார். உயரத்தில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாததால் கொன்றையீசர் ஒருக்களித்தபடியே எழுந்தருளினார்.

பல்லக்குத் தெருமுனையில் தோள்கள் கைவிட்டன. பல்லக்கு தரையில் படக் கூடாது. தாங்குகட்டைமேல்தான் நிறுத்த வேண்டும். கட்டையை எடுத்துவருவது அடுத்த அமைப்பின் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் நம்பி வந்திருந்தார்கள்.

"அம்மாசி! ஓடியாந்து தோள் குடுடா!" என்று அலறினார் அறங்காவலர்.

வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த அம்மாசியார் பதறினார். "தீட்டுங்களே!"

"தீட்டை நான் பாத்துக்கறேன். குளிச்சுட்டு வாங்கோ எல்லாரும்" என்றார் குருக்கள்.

அம்மாசியார் தெருக்குழாயைத் திறந்தார். கறுப்பாக வந்தது. மூடினார். "இதுல குளிச்சுட்டு எப்படிங்க சாமியத் தொடறது?"

குருக்கள் பூட்டுகளைப் பார்த்தார். "சாவி எங்கே?"

"மத்தவங்களைக் கேட்டீங்களா?" என்று டாக்டர் பழக்கதோஷத்தில் தொடங்கினார். பல்லக்கு அவர் பக்கமாகச் சாய்ந்தது. "எடுங்க, எடுங்க!" என்றார். கைகளெல்லாம் தண்டில் இருந்ததால் குருக்களே ஐந்து இடுப்புகளிலிருந்தும் சாவிகளை உருவினார்.

தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது. அம்மாசியார் தலையை நீட்டப் போனார். பின்னால் குடங்களோடு நின்ற பெண்களைக் கண்டதும் விலகினார். "குடிக்கிறவங்க மொதல்ல பிடிங்க தாயி. சாமி பொறுத்துக்குவாரு."

சாமி பொறுத்தார். சுமந்தவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு குடம் நிறையும்போதும் பல்லக்கின் கனம் கூடியது என்று ஐவரும் பின்னாளில் சொன்னார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கடைசிக் குடமும் நிறைந்தபின் அம்மாசியாரும் பங்காளிகளும் குளித்து, ஈரத்தோடு தோள் கொடுத்தார்கள். பல்லக்கு பூக்கூடையாக எழுந்தது. சுவாமியின் கொன்றை மாலை நழுவி, அம்மாசியாரின் காய்த்த தோளில் விழுந்தது. இழுத்துக் கட்டிய மாலை அது, நழுவ வழியே இல்லை என்று குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மாசியார் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. "தையலு, தண்ணி வந்துடுச்சு" என்று முணுமுணுத்தபடி குடிநீர் நிலையத்துக் குழாயில் மாட்டினார். சுவாமி மாலை கிடந்த குழாயைப் பூட்ட, அதன்பின் எவருக்கும் கை வரவில்லை.

கல்வெட்டு பிறகு வந்தது. ஐந்து பெயர்களும் வட்டமாகச் செதுக்கப்பட்டன. தையல்நாயகியின் பெயருக்கு இடமில்லை. பெரியவர்களின் தோளில் சுவாமியை நிறுத்திவிட்டுத் தெருவின் தாகத்தை முதலில் தீர்த்த அம்மாசியாரின் பாதம் பணிகிறோம். அந்தத் தண்ணீருக்குக் காத்திருந்து போன தாயை நினைத்துக்கொள்கிறோம்.