தீபாவளிக்கு முந்திய முத்திரை

இந்தக் கதையை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தவமணிக்கு எப்போதும் பயம். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. அதனால் அவளுக்காக நான் சொல்கிறேன்.

தவமணி பிறந்தது மலேசியாவில், ஈப்போ நகரில். அப்பாவுக்கு வேலை அனுமதி நின்றுபோனதும், பத்து வயதில் குடும்பத்தோடு கப்பலேறிப் புதுக்கோட்டைக்கு வந்தாள். கல்யாணமாகியிருந்த அக்கா அன்னக்கிளி மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். "ஒரு தீபாவளிக்காவது உங்கிட்ட வந்துடுவேங்க்கா" என்று துறைமுகத்தில் அழுதவள் தவமணி.

நாற்பது வருஷம் கழித்துத்தான் அது கூடிவந்தது. விசா எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட், "ஒரு தடவை உள்ளே போறதுக்குத்தாம்மா இது" என்றான். அதில் இருந்த கடைசித் தேதி தீபாவளிக்குப் பின்னால். மலேசிய விமான நிலைய அதிகாரியோ பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, அதன் கீழே பேனாவால் ஒரு தேதி எழுதினார். அது தீபாவளிக்கு முன்னால்.

ஈப்போவில் அக்கா வீட்டில் அதே தகரக்கூரை, அதே சாயங்கால மழை. ஒரே குடைக்குள் அக்காவோடு பள்ளிக்கூடம் போனதெல்லாம் நினைவுக்கு வரும். உடனே பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் பார்ப்பாள்.

அக்கா கண்ணாடி போட்டு விசாவைப் படித்தாள். "தேதி இன்னும் கெடக்குதுடி. கப்பலேறுறப்ப சொன்னதைக் காப்பாத்து."

லாரி ஓட்டி ஓய்ந்த அத்தான் நாகையா சிரித்தார். எல்லை தாண்டி சியாமில், அதாவது தாய்லாந்தில், ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினால் பாஸ்போர்ட்டில் புது சாப்பு குத்திவிடுவார்கள் என்றார்.

தவமணிக்கோ பேனாத் தேதியைத் தாண்டத் துணிவில்லை. தாண்டிப் பிடிபட்டால் இந்த வாசலை இனி மிதிக்க விடுவார்களோ மாட்டார்களோ. போய்விட்டால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று.

அக்கா, அத்தான், தவமணி. இந்த மூவரில் யார் நினைத்தது சரி?

விடை: பயந்தவள் நினைத்ததே சரி. விசாவில் இருந்தது உள்ளே நுழைவதற்கான கெடு. தங்குவதற்கான கெடு பேனாவால் எழுதியது. ஒரு தடவை விசாவில் எல்லை தாண்டினால் அதைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. அக்காவும் தங்கையும் போய்க் கேட்டபோது குடிநுழைவு அலுவலகத்திலும் அப்படித்தான் சொன்னார்கள்.  அன்னக்கிளி வீட்டுக்கு வந்து முறுக்குப் பிழிய உரலைக் கழுவி வைத்தாள். மறுநாள் விடியலில் தங்கையை மணையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைத்தாள். சின்ன வயதில் தேய்த்த அதே அழுத்தம். பக்கத்து வீட்டுச் சீனத்தி, தீபாவளிக்கு இன்னும் நாளிருக்கிறதே, உங்கள் காலண்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். கெடுவுக்கு முன்பே, தீபாவளிப் புடவையோடு தவமணி விமான நிலையம் போனாள். வெளியேறும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்ட பிறகுதான் விமானம் ஏறினாள். மறுபடியும் வரவேண்டுமே.